கத்தி சவரம்: குறைந்த செலவில் தோல்வாரும் கல்லும், எதை வாங்கலாம்?

#1 அரைத்தாடி (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை சலூனில் இருப்பது மாதிரி பாதி பிளேடு மாட்டும் கத்தியில்தான் சவரம் செய்துகொண்டிருந்தேன். இப்போது பழைய சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து ஜெர்மனியின் சொலிங்கன் முத்திரை போட்ட ஒரு மடக்குக் கத்தி கைக்கு வந்திருக்கிறது. அகலம் 5/8 அங்குலம். பிடியில் விரிசல் இல்லை. அலகில் அங்கங்கே கறை இருக்கிறது, ஆனால் வெட்டும் வாய்ப்பக்கம் துரு இல்லை.

தீட்டும் கல், தீட்டின வாயை நேராக்க ஓட்டும் தோல்வார் இரண்டுக்கும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் போனால் வீட்டில் விசாரணை நடக்கும். தேடிப் பார்த்தால் 1000, 3000, 5000, 8000, 12000 என்று கல்லின் கிரிட் எண் (எண் ஏற ஏறக் கல் நைஸ்) பட்டியல் நீள்கிறது. அதற்கு மேல் பச்சைப் பொடி, வைரப் பசை வேறு. உண்மையில் எது அவசியம், எது ஆசை? பக்கத்து ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் தீட்டக்கூடிய சாம்பல் நிறக் கார்போரண்டம் கல் மலிவாகக் கிடைக்கிறது. அது போதுமா?

#2 பழையஇரும்பு (கோவை)

முதலில் கடைசிக் கேள்வி. அந்தச் சாம்பல் கல் அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் நல்ல கல். அதன் நைஸ் பக்கமே சவரக் கத்திக்கு மிகவும் கரடு. நாலு தேய்ப்பில் வாயை ரம்பமாக்கிவிடும், அந்தக் கீறலை எடுக்க அப்புறம் ஒரு வாரம் ஆகும். தெருவில் சைக்கிள் சக்கரத்தில் சாணை பிடிப்பவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அவர் வேலையில் குறை இல்லை. சவரக் கத்தியின் வாய் அவ்வளவு மெல்லிசு, தீப்பொறி பறக்கும் வேகத்தில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் எந்தக் கல்லாலும் அங்கே கூர் நிற்காது.

இப்போது உங்கள் பட்டியல். அதை விற்கிறவர் கண்ணால் பார்க்காமல் கத்தியின் கண்ணால் பாருங்கள். 1000 கல்லின் வேலை ஒன்றுதான்: வாயின் இரண்டு பக்கச் சரிவும் ஒரே கோட்டில் சந்திக்கும்படி செய்வது. பெவல் போடுவது என்பார்கள். ஒரு கத்திக்கு அதை ஒழுங்காக ஒருமுறை செய்துவிட்டால், கீழே போட்டோ குழாயில் இடித்தோ வாயை உடைக்காதவரை மறுபடி அந்தக் கல் தேவைப்படாது. 3000, 5000 எல்லாம் 1000 விட்டுப்போன கீறலை அழிக்கும் இடைப்படிகள். முகத்துக்குத் தெரிவது கடைசிப் படி மட்டும்தான். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கத்தி, ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோல்வாரில் ஓட்டினால், மாதக்கணக்கில் கல்லைக் கேட்காது.

ஆகவே காசு போக வேண்டிய வரிசை: தோல்வார், கடைசிப் படிக்கு ஏதாவது ஒன்று, அப்புறம்தான் 1000. எல்லோரும் இதைத் தலைகீழாக வாங்குகிறார்கள்.

ஒரு கேள்வி: கத்தி இப்போது சவரம் செய்யும் நிலையில் இருக்கிறதா?

#3 அரைத்தாடி

இல்லை சார். கை முடியில் வைத்துப் பார்த்தேன். நடுப்பகுதி வெட்டுகிறது, நுனிப்பக்கம் முடியைத் தள்ளிவிட்டுப் போகிறது. நகத்தில் மெதுவாக இழுத்தால் பிடியை ஒட்டிய அடிப்பக்கம் ஓரிடத்தில் இடறுகிறது, சின்னப் பல் (வாயில் விழுந்த உடைசல்) இருக்கும் போல. தீட்டித் தருகிறவர் யாரும் மதுரையில் எனக்குத் தெரியவில்லை.

#4 ஸ்கார்பரோ_தம்பி (கனடா)

அப்படியென்றால் கல்லே வாங்க வேண்டாம் அண்ணை. லேப்பிங் ஃபிலிம் பாவியுங்கள்.

இது பிளாஸ்டிக் தாளில் ஒரே அளவுத் துகள் ஒட்டிய சமாச்சாரம். கண்ணாடி இழைக் கேபிளின் முனையை மெருகேற்றத் தொழிற்சாலைகளில் பாவிக்கிறார்கள். துகள் அளவு மைக்ரானில் எழுதியிருக்கும்: 12, 9, 5, 3, 1, 0.3. கல்லில் போட்டிருக்கும் எண்ணைப் போல ஆளுக்கொரு கணக்கு இல்லை. 12 மைக்ரான் தாள் ஏறக்குறைய 1000 கல்லின் வேலையைச் செய்யும். 3 மைக்ரான் கிட்டத்தட்ட 4000. 1 மைக்ரான் என்றால் 8000 கல்லை விடவும் கொஞ்சம் நைஸ். நீங்கள் 12, 3, 1 என்ற மூன்று தாள் எடுத்தால் போதும். ஒரு தாளை மூன்றாக வெட்டலாம்.

அடியில் வைக்கத் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று, கண்ணாடிக் கடையில் விளிம்பை மழுக்கித் தரச் சொல்லுங்கள். தண்ணீர் தெளித்து, தாளைப் பரப்பி, விரலால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளிக் காற்றுக் குமிழை எடுங்கள். ஒரு குமிழ் மிஞ்சினாலும் கத்தி அதில் ஏறித் தாளைக் கிழித்துவிடும். கல்லைப் போல இதைச் சமன் செய்யத் தேவையில்லை. கண்ணாடி எப்போதும் சமன்தான்.

நானும் என் மச்சானும் இரண்டு வீட்டுக் கத்திகளையும் இதில்தான் ஓட்டுகிறோம். கனக்கச் செலவில்லை.

#5 ஈரக்கல் (சென்னை)

ஃபிலிம்காரர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: தாள் தேயும். முதல் கத்தி தீட்டுகிற புதியவர் கை அழுத்தும், அழுத்தினால் தாள் இன்னும் சீக்கிரம் தேயும், கிழியும், மறுபடி வாங்கணும். அதோடு 12 மைக்ரான் தாளில் பல் எடுப்பது ஆமை வேகம். கல் ஒருமுறை வாங்கினால் உங்கள் பேரன் காலம் வரை இருக்கும்.

என் யோசனை: கிங் என்ற ஜப்பான் பிராண்டின் 1000/6000 இரட்டைக் கல். இங்கேயும் வாங்கலாம், வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்கலாம். சமையல் கத்திக்காரர்கள் வாங்கி ஆசை தீர்ந்து விற்றுவிடும் பழைய கல்லும் கிடைக்கும். 1000 பக்கம் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறணும். 6000 பக்கத்துக்குத் தெளித்தால் போதும், நாள் முழுக்க மூழ்கப் போட்டு வைக்காதீர்கள். 6000இல் முடித்த வாய் அப்படியே முகத்தில் வைத்தால் கொஞ்சம் இழுக்கும். அதன் மேல் பால்சா மரத்துண்டில் குரோமியம் ஆக்சைடு, அதாவது 0.5 மைக்ரான் பச்சைப் பொடி, தடவிப் பத்துப் பதினைந்து ஓட்டு. அவ்வளவுதான்.

பச்சைப் பொடியில் ஒரு எச்சரிக்கை. பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் பச்சைக் கட்டி வேறு சங்கதி. பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு கலந்திருக்கும், துகளும் பெரிசு. எஃகுக் குழாயைப் பளபளக்க வைக்கும், கன்னத்தை எரிய வைக்கும்.

புதுக் கல்லும் சமனாக வராது, கவனம். பென்சிலால் கல் முழுக்கக் கட்டம் போடுங்கள். கண்ணாடி மேல் 320 வாட்டர் பேப்பரை நனைத்து வைத்து, கோடு முழுவதும் அழியும்வரை தேய்த்துச் சமன் செய்யுங்கள். நடுவில் மட்டும் கோடு மிஞ்சினால் அங்கே பள்ளம். விளிம்பையும் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள், கூரான விளிம்பில் கத்தி தட்டினால் புதுசாக ஒரு பல் விழும்.

#6 ஸ்கார்பரோ_தம்பி

ஈரக்கல் அண்ணை, உங்கள் கணக்கில் கல், வாட்டர் பேப்பர், கண்ணாடி, பால்சா, பொடி என்று ஐந்து சாமான் வந்துவிட்டது. அந்தக் கண்ணாடியில் நேராகத் தாளை ஒட்டியிருக்கலாமே :)

#7 ஈரக்கல்

ஒட்டலாம். வருஷா வருஷம் ஒட்டிக்கொண்டே இருக்கலாம்.

#8 சலூன்பையன் (திண்டுக்கல்)

ரொம்ப நாளாக வாசிக்கிறேன், இப்போதுதான் எழுதுகிறேன். எங்கள் அப்பா சலூன் வைத்திருந்தார், நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். எய்ட்ஸ் பயம் பரவின பிறகு கடையில் எல்லாம் பாதி பிளேடாக மாறிவிட்டது. அதற்கு முன்னால் கத்திதான்.

அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு கல். உள்ளங்கை அளவு, செயற்கைக் கல், கறுஞ்சிவப்பு. அதில் தண்ணீர் கூட விட மாட்டார். முகத்துக்குப் போட்ட சோப்பு நுரையிலேயே கொஞ்சம் எடுத்துக் கல்லில் தடவி ஏழெட்டுத் தேய்ப்பு, துடைத்துவிட்டு வார். வாருக்கு அப்புறம் உள்ளங்கையில் நாலு ஓட்டு. உள்ளங்கையில் ஓட்டுவதை நீங்கள் செய்ய வேண்டாம், அவர் கை அது. இப்படிப்பட்ட நாவிதர் கற்களை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஒருகாலத்தில் ஏராளமாகச் செய்தார்கள். பழைய சாமான் கடையில் இன்னமும் கிடைக்கும், பலருக்கு அது என்னவென்றே தெரியாது. பல் எடுக்க உதவாது. மழுங்கின வாயைத் தட்டி எழுப்ப அதை விட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது விரிசலும் விளிம்பு உடைசலும் மட்டும்.

அப்பா கல்லைத் தொடுவது எப்போதாவதுதான். வாரில்தான் எல்லாம். நாள் முழுக்க ஊர் முகங்களில் ஓடின கத்திக்கே அது போதும் என்றால், ஒரு ஆள் கத்திக்கு இவ்வளவு கிரிட் சண்டை தேவையா என்று தோன்றுகிறது. பழையஇரும்பு சார் சொன்ன வரிசைக்கு என் ஓட்டு.

#9 அரைத்தாடி

சலூன்பையன் அண்ணே, இதுதான் நான் தேடின மாதிரி பதில். அப்படியானால் வாரைப் பற்றிச் சொல்லுங்கள். ஆன்லைனில் 'பார்பர் ஸ்ட்ராப்' என்று முந்நூறுக்கும் இருக்கிறது, பத்தாயிரத்துக்கும் இருக்கிறது. அகலம் எவ்வளவு வேண்டும்? தோலில் என்ன வித்தியாசம்?

#10 சலூன்பையன்

அந்த மிக மலிவான வகையில் பாதிக்கு மேல் உடை தைக்கும் தோல், இல்லாவிட்டால் ரெக்சின். மேலே வண்ணம் பூசி, உள்ளே அட்டை மாதிரி இருக்கும். வளைத்தால் மேல்பூச்சில் கோடு விழும். அதில் கத்தி வழுக்கும், தீட்டாது.

நமக்கு வேண்டியது தாவரப் பதனிட்ட தோல். குரோம் பதனிட்ட தோல் மெத்தென்று நீளும், அழுத்தினால் பள்ளம் விழுந்து வாயின் முனையைச் சுற்றி வளையும். வளைந்தால் கூர் உருண்டுபோகும். பட்டையில் பதனிட்ட தோல் இறுக்கமாக நிற்கும். எங்கள் ஊரும் திருச்சியும் இதற்குப் பேர் போனவை. ஆவாரம்பட்டையில் பதனிட்டு அந்தக் காலத்திலேயே கப்பலேறின 'ஈஸ்ட் இந்தியா' தோல் இதுதான். இன்று புவிசார் குறியீடும் உண்டு. பட்டை இப்போது பெரும்பாலும் வாட்டில் மரத்துடையது. ஆட்டுத் தோல் வாருக்கு மெல்லிசு, மாடோ எருமையோ கேளுங்கள், தடிமன் 3 மில்லிமீட்டர் சுமார். சென்னைக்காரர்கள் பெரியமேட்டில் வெட்டுத்துண்டு எடை போட்டு வாங்கலாம். கான்பூரில் குதிரைச் சேணத்துக்கு எருமைத் தோல் செய்கிறார்கள், அதில் ஒரு பட்டை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

நீளம் பதினெட்டு அங்குலம் போதும். அகலம் இரண்டரையிலிருந்து மூன்று. சவரக் கத்தி அலகே மூன்று அங்குலம் சுமார், ஆகவே மூன்று அங்குல வாரில் நேராக ஓட்டலாம். இரண்டு அங்குலமென்றால் அடியிலிருந்து நுனிக்குக் குறுக்காக இழுத்துக்கொண்டே போகணும், அது பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஒரு முனையில் ஓட்டை போட்டு வளையம், மறுமுனையில் பிடிக்க ஒரு மடிப்பு. செருப்புத் தைக்கிறவர் பத்து நிமிடத்தில் செய்து தருவார்.

கூடவே காடாத் துணி அல்லது பழைய கான்வாஸ் பட்டை ஒன்று அதே அளவில். துணியில் இருபது முப்பது ஓட்டு, தோலில் ஐம்பது. துணி அழுக்கையும் ஈரத்தையும் எடுக்கும், தோல் வாயை நேராக்கும்.

தோலில் பசை, பொடி எதுவும் தடவாதீர்கள். அதற்குத் தனி மரப்பட்டை.

#11 பழையஇரும்பு

அருமை. வாரைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுதான் இருக்கிறது. முதல் வார் கண்டிப்பாக வெட்டுப்படும். புதியவர் எல்லோரும் திருப்பும் இடத்தில் வாயைத் தோலில் பதித்துவிடுவார்கள், அது கைப்பழக்கம் வரும்வரை தவிர்க்க முடியாதது. அதனால் முதல் வாருக்குப் பெரிய காசு கொடுப்பது வீண். வெட்டுக்குத் தப்பிப் பிழைக்கிற பருவம் வந்த பிறகு நல்ல குதிரைத் தோல் வார் வாங்கிக்கொள்ளலாம்.

ஓட்டும் முறை: முதுகு முன்னால் போகணும், வாய் பின்னால் வரணும். கடைசியில் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்பணும், வாயின் மேல் ஒருபோதும் திருப்பக் கூடாது. முதுகு தோலை விட்டு ஒரு கணமும் தூக்கக் கூடாது. வாரை விறைப்பாகப் பிடியுங்கள், தொய்ந்த வாரில் கூர் உருளும். வேகம் வேண்டாம். சினிமாவில் சடசடவென்று ஓட்டுகிறார்களே, அது கேமராவுக்கு.

#12 வடக்குக்கல் (பெங்களூரு)

எல்லோரும் செயற்கைக் கல்லையே பேசுகிறீர்கள். பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டும் கோட்டிக்யூல் ஒன்று வாங்கினால் 1000 முதல் கடைசி வரை ஒரே கல்லில் முடியும். உள்ளே இருப்பது நுண்ணிய கார்னெட் மணிகள். சின்னத் துண்டால் தேய்த்துப் பால் மாதிரி கரைசல் எழுப்பினால் வேகமாக அரிக்கும். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கரைசலை நீர்த்துக்கொண்டே வந்தால் மெதுவாகி நைஸ் ஆகும். வெறும் தண்ணீரில் முடித்தால் சவரம் அவ்வளவு இதம். செவ்வகமாக வெட்டின கல் விலை அதிகம். ஒழுங்கில்லாத வடிவில் மிஞ்சின துண்டுகளைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், சவரக் கத்திக்கு அது தாராளம்.

அவ்வளவு முடியாவிட்டால் சீனாவின் குவாங்சி கல். '12000' என்று பேர், ஆனால் அது இயற்கைக் கல், எண் ஒரு உத்தேசம். ரொம்பக் கெட்டி, ரொம்ப நிதானம். நூறு தேய்ப்பு கேட்கும். மலிவு.

#13 ஈரக்கல்

கோட்டிக்யூல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் கரைசலை எந்த நேரத்தில் நீர்க்கணும் என்பது கையில் வரவேண்டிய கணக்கு. பெவல் என்றால் என்னவென்று இன்னும் பார்க்காதவரிடம் அதைக் கொடுப்பது நியாயமில்லை. துண்டுக்குத் துண்டு குணமும் மாறும். ஒன்று வேலை செய்யவில்லையென்றால் தப்பு கல்லிலா கையிலா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

குவாங்சி கல்லைச் சமன் செய்து பார்த்தவர்கள் தோள் வலியைப் பற்றியும் எழுதணும்.

#14 பழையஇரும்பு

சண்டை சுவாரசியம், ஆனால் கேட்டவரிடம் ஆறாயிரம்தான் இருக்கிறது. நான் ஒரு முடிவு சொல்கிறேன், பிடிக்காதவர்கள் திட்டலாம்.

அவருக்குப் பல் எடுக்கணும், பெவல் போடணும். இது ஒரு தடவை வேலை. அதற்கு ஈரக்கல் சொல்கிற 1000 கல்தான் சரி, ஃபிலிமில் அது இழுபறி. முடிக்கிற வேலை மாதக்கணக்கில் ஒருமுறை, அதுவும் சில தேய்ப்புகள்தான். அதற்கு 1 மைக்ரான் ஃபிலிம், தம்பி சொல்கிற மாதிரி. ஒரு கத்தி வைத்திருப்பவருக்கு ஒரு தாளின் மூன்றில் ஒரு துண்டு ரொம்ப நாள் வரும், ஆகவே தேய்மானம் என்ற வாதம் இங்கே செல்லாது. நடுவில் 3 மைக்ரான் தாள் ஒன்று. வார் சலூன்பையன் சொன்னபடி செய்துகொள்ளணும். இரட்டைக் கல் வாங்கினால் 6000 பக்கம் சமையல் கத்திக்கு. வீட்டில் விசாரணை வந்தால் அதைக் காட்டுங்கள்.

பேர் தெரியாத '10000 கிரிட்' வெள்ளைக் கற்கள் சொற்ப விலைக்கு விற்கிறார்கள். எண் என்பது யாரும் அச்சடிக்கலாம். தூரமாக இருங்கள்.

#15 ஸ்கார்பரோ_தம்பி

திட்ட ஒன்றும் இல்லை அண்ணை. ஒரு சேர்க்கை மட்டும். 1000 கல்லை விட்டு மேலே போவதற்கு முன்னால் மார்க்கர் பேனாவால் வாயின் சரிவு முழுக்க மை பூசுங்கள். இரண்டு தேய்ப்புக்குப் பிறகு பாருங்கள். மை விளிம்பு வரை அழிந்திருக்க வேணும், இரண்டு பக்கமும், அடி முதல் நுனி வரை. விளிம்பில் மை மிஞ்சின இடத்தில் பெவல் இன்னும் சேரவில்லை. சேராத பெவலோடு 1 மைக்ரானுக்குப் போனால் பளபளக்கும், வெட்டாது. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லூப் ஒன்று வாங்கினால் இதெல்லாம் பட்டப்பகல் போல் தெரியும்.

#16 அரைத்தாடி

நன்றி. 1000/6000 கல்லும் இரண்டு ஃபிலிம் தாளும் ஆர்டர் போட்டாயிற்று. வாருக்கு எருமைத் தோல் பட்டை திண்டுக்கல்லிலிருந்து வருகிறது, சலூன்பையன் அண்ணனே அனுப்புகிறார். கணக்கு ஆறாயிரத்துக்குள் நின்றது.

மார்க்கர் சோதனையை இருக்கிற கண்ணாடியில் வாட்டர் பேப்பர் வைத்துச் செய்து பார்த்தேன். ஒரு பக்கம் மை ஒழுங்காகப் போகிறது. மறுபக்கம் நடுவில் போகிறது, அடியிலும் நுனியிலும் அப்படியே இருக்கிறது. கத்தியைச் சமதளத்தில் வைத்தால் லேசாக ஆடுகிறது. முதுகும் ஒரு பக்கம் அகலமாகத் தேய்ந்திருக்கிறது. கத்தி போச்சா?

#17 பழையஇரும்பு

போகவில்லை. அலகு லேசாக முறுக்கியிருக்கிறது. பழைய சொலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளில் பாதி இப்படித்தான், கடினப்படுத்தும்போதே வளைந்திருக்கும். புதுசாக வரும் மலிவுக் கத்திகளிலும் உண்டு. அந்தக் காலத்தில் அதோடேயே சவரம் செய்தார்கள்.

கல்லின் முழு அகலத்தில் வைத்துத் தேய்த்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் தொடாது. அதனால் அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக இழுங்கள். இழுக்கும்போது கை எடையை அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக மாற்றணும். நுனி வரும்போது பிடியை இம்மியளவு உயர்த்தலாம். கல்லின் விளிம்பு ஓரமாகப் பாதி அகலத்தில் தேய்த்தால் இன்னும் எளிது. கல்லில் வாய் முன்னால் போகணும், வாருக்கு நேர்எதிர். மறந்துவிடாதீர்கள்.

முதுகில் மட்டும் இன்சுலேஷன் டேப் ஒரு அடுக்கு ஒட்டுங்கள். முதுகுதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது, அது மேலும் தேய்ந்தால் கோணம் மெலிந்துபோகும். டேப் தேய்ந்து எஃகு தெரிந்தால் உடனே மாற்றணும். 1000இல் டேப் ஒட்டினால் ஃபிலிமிலும் ஒட்டணும், நடுவில் கழற்றினால் கோணம் மாறி வாயைத் தொடாது. வாரில் மட்டும் டேப் வேண்டாம்.

#18 ஈரக்கல்

வேலை முடிந்ததும் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்கேறும். தோல் உறையில் போட்டு வைக்கவும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு துருப்பிடிக்க வைக்கும். பிடிக்குள் மடக்கும் முன் குழி வரை காய்ந்ததா பாருங்கள்.

#19 சலூன்பையன்

தம்பி, பட்டை பார்சல் போட்டாச்சு. வந்ததும் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், வெறும் உள்ளங்கையால் தினமும் நாலு நிமிடம் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஒரு வாரத்தில் இழுவை வந்துவிடும். முதல் சவரம் கன்னத்தில் மட்டும் செய்யுங்கள், மோவாய்க்கு அவசரம் இல்லை.